இரு பாதங்களிலும் விரல் நுனிகளிலும் மரத்துப்போதல்: சோதனைகள் எல்லாம் சரியென்கின்றன, காரணம் தெரியவில்லை

கொள்ளிடக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 39. மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஐப்பசி வாக்கில் இரண்டு கால்களின் கட்டைவிரல்களிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மதமதப்புத் தொடங்கியது. நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் தோன்றுமே, அதே உணர்வுதான். ஆனால் அது சற்று நேரத்தில் விலகிவிடும், இது விலகவில்லை. தை பிறப்பதற்குள் பாதம் முழுவதும் பரவி, இப்போது கணுக்கால் வரை தடித்த காலுறை அணிந்திருப்பதாகவே எப்போதும் தோன்றுகிறது. இரவில் படுத்த பிறகு ஊசி குத்தலும் குறுகுறுப்பும் அதிகமாகின்றன. பங்குனியில் கைவிரல் நுனிகளுக்கும் வந்துவிட்டது. கடைத்தெருவில் பணப்பைக்குள் விரலை விட்டு இரண்டு ரூபாய்க் காசையும் ஐந்து ரூபாய்க் காசையும் தடவியே பிரித்தெடுத்துக் கொண்டிருந்தவள் நான். இப்போது எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நான்கைந்து அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்ததும் உண்டு.

சர்க்கரை இல்லை, வெறும் வயிற்றில் 94, மூன்று மாதச் சராசரி 5.6. தைராய்டு சரியாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 11.8. வைட்டமின் பி12 மில்லிலிட்டருக்கு 231 பிகோகிராம். அறிக்கையில் அச்சிட்டிருக்கும் வரம்பு 187-இல் தொடங்குவதால் அதுவும் சரி என்றார்கள். இடுப்புப் பகுதியில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பதாக வந்தது. முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் அதுதான் காரணம் என்று கூறி இழுவைச் சிகிச்சைக்கு அனுப்பினார், பலனில்லை. இரண்டாமவர் வேலைப்பளுவும் மன அழுத்தமும்தான் இப்படிக் காட்டுகின்றன என்றார். மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர், நரம்பு வழியே மின்துடிப்பு பாய்வதை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை எடுக்கச் சொல்லி, அதுவும் சரியாக இருக்கவே, நரம்புக்கு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை.

வேறு விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை, பாலும் தயிரும் உண்டு. வயிற்றெரிச்சலுக்காக நீண்ட நாள்களாகக் காலையில் பான்டோபிரசோல் சாப்பிடுகிறேன். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம் என்பதால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பி காம்ப்ளக்ஸ் மாத்திரையையும் அவ்வப்போது போட்டிருக்கிறேன். சோதனைகள் எல்லாம் சரி என்றால் நான் உணர்வது என்ன? அடுத்து யாரிடம் போவது, எதைக் கேட்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நூல்கண்டு

வணக்கம் சகோதரி. நான் திருப்பூரில் தையல் வேலை செய்பவன். எனக்கும் கை மரத்துப்போய்ப் பல இடங்களில் அலைந்துதான் விடை கிடைத்தது. என்னுடையது மணிக்கட்டுக் குகை நெருக்கம். அதாவது, மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே செல்லும் நரம்பு நசுங்குவது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மட்டும்தான் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் விழிப்பு வந்து கையை உதறினால் சற்றுத் தேவலை. இரவில் மணிக்கட்டை வளையவிடாமல் பட்டை கட்டியும் குறையாததால் சிறு அறுவை செய்துகொண்டேன், நலமாக இருக்கிறேன். உங்களுக்கு எந்தெந்த விரல்கள் என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். கால்களிலும் இருப்பதைப் பார்த்தால் இது மணிக்கட்டோடு நிற்கிற விஷயமாக எனக்குப் படவில்லை. என் மருத்துவர் முதல் கேள்வியாகக் கேட்டதே எந்த விரல் என்பதைத்தான். அதற்கு முன் பார்த்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

மாத்திரைச்சீட்டு

நான் மருந்தாளுநர். நோய் இன்னது என்று சொல்வது என் வேலையன்று. ஆனால் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நரம்புக்கு என்று நம் ஊரில் எழுதப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவை கூட்டு மருந்துகள். மெத்தில்கோபாலமின் என்ற பி12 வடிவம் 1500 மைக்ரோகிராம், அதனுடன் ஃபோலிக் அமிலம், பி6, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் என்று கலந்திருக்கும். சிலவற்றில் எரிச்சலையும் குத்தலையும் குறைக்கும் பிரகாபலினும் சேர்ந்திருக்கும். அட்டையின் பின்புறம் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். இவற்றைத் தொடங்கிய பிறகு எடுக்கும் பி12 அளவு பெரிதும் ஏறிவிடும். முதலில் குறைவு இருந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. மேலும் ஏதேனும் இரத்தச் சோதனை எடுப்பதாக இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் பி வைட்டமின்களில் பி6 அளவைப் பார்ப்பது அவசியம். அதை அதிக அளவில் நெடுங்காலம் சாப்பிட்டால் அதுவே கை கால் மரத்துப்போதலை உண்டாக்கும். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுபவர்களுக்கோ இதே பி6 குறைந்து நரம்பு கெடும் என்பதால் நாங்களே அதைச் சேர்த்துக் கொடுக்கிறோம். பிரகாபலின் இருந்தால் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரலாம். சில வாரங்கள் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் செல்லும்போது, பான்டோபிரசோல் உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொதுமருத்துவர்

அன்புள்ள ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். தொட்டுப் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் நீங்கள் விவரங்களை ஒழுங்காக எழுதியிருப்பதால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

இரு பாதங்களிலும் ஒன்றாகத் தொடங்கி, மேலேறி, பிறகு விரல் நுனிகளுக்கு வருவது ஓர் ஒழுங்கு. வட்டுப் பிதுக்கம் அப்படிச் செய்வது அரிது. அது பெரும்பாலும் ஒரு பக்கமாக, இடுப்பிலிருந்து காலுக்கு வலியோடு இறங்கும், கைவிரல்களை அது தொடவே தொடாது. உங்கள் வயதில் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு எடுத்தாலும் எம்.ஆர்.ஐ.யில் வட்டு சற்றுப் பிதுங்கியிருப்பதைக் காணலாம். மன அழுத்தத்தைப் பொறுத்தவரை, படபடப்பில் மூச்சு வேகமாக வாங்கும்போது வாயைச் சுற்றியும் விரல்களிலும் குறுகுறுப்பு வருவது உண்மைதான்; அது சில நிமிடங்களில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் படிப்படியாகப் பரவி, காசைத் தடவி அறியும் திறனை எடுத்துவிடாது. உங்களுக்குக் கவலை இருக்கலாம். அந்தக் கவலை மரத்துப்போன பிறகு வந்தது என்றே நினைக்கிறேன்.

பி12 குறைவு விலக்கப்பட்டுவிட்டது என்று உங்களிடம் சொன்னதை நான் ஏற்கவில்லை. 200-க்கும் 300-க்கும் இடைப்பட்ட அளவைச் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது; அது ஐயத்துக்குரிய பகுதி. அந்த எண் இரத்தத்தில் சுற்றும் பி12-இன் அளவே தவிர, செல்களுக்குள் அது வேலை செய்கிறதா என்பதன் அளவு அன்று. அதற்கு ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். பி12 போதாதபோது இவை செலவாகாமல் இரத்தத்தில் தேங்கும். சைவ உணவு, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, இடையிடையே போட்ட பி காம்ப்ளக்ஸ் என்று மூன்றையும் வைத்துப் பார்த்தால் 231 என்ற எண் எனக்கு ஆறுதல் தரவில்லை. உணவிலுள்ள பி12 புரதத்தோடு பிணைந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும்.

இரத்தசோகை பெரிதாக இல்லையே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஃபோலிக் அமிலம் சாப்பிடுகிறவருக்கு அந்த வாதம் செல்லாது. 1940-களில் ஃபோலிக் அமிலம் மருந்தாகக் கைக்கு வந்த புதிதில், பி12 குறைவால் வரும் இரத்தசோகைக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறியது; நோயாளிகளின் நரம்புகளோ மேலும் கெட்டன. இன்றும் பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன், அது எனக்குச் சினமூட்டுகிறது.

அடுத்து நரம்புக் கடத்தல் சோதனை. அது கை கால்களில் ஓடும் தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். பி12 குறைவு முதுகுத்தண்டின் பின்புறக் கற்றைகளைத் தாக்கும்போது, சேதம் தண்டுவடத்துக்குள் இருப்பதால் இந்தச் சோதனை சரியாகவே வரக்கூடும். எம்.ஆர்.ஐ.யும் இடுப்புக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள். தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பு எலும்புத் தொடரின் முதல் இரண்டு எலும்புகள் அளவிலேயே முடிந்துவிடுகிறது. இந்தச் சேதத்தைத் தேட வேண்டிய இடம் கழுத்தும் மார்பும்.

சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவும்போது தள்ளாடுகிறீர்களா? இருட்டில் நடப்பது பகலைவிடக் கடினமாக இருக்கிறதா? கழுத்தை முன்னே குனியும்போது முதுகு வழியே மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு உண்டா? நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளர் பிரிவே போதும். இசைக்கவையை அதிரவைத்துக் கட்டைவிரல் மூட்டில் வைத்துப் பார்க்கவும், கண்ணை மூடி நிற்கச் சொல்லவும், முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியலால் தட்டிப் பார்க்கவும் சில நிமிடங்கள்தான் ஆகும். இதுவரை பார்த்த மூவரில் யாராவது இதைச் செய்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை.

ஐயம் இவ்வளவு இருக்கும்போது அறிக்கை வரும்வரை காத்திருப்பதும் சரியன்று. இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, அன்றே சிகிச்சையைத் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். முகமோ கையோ காலோ ஒரு பக்கமாகத் திடீரென்று மரத்துப்போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். கால்களிலிருந்து சில நாள்களிலேயே பலவீனம் மேலேறி மூச்சுவரை வருமானால் அது கியான்-பாரே நோயாக, அதாவது உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோயாக இருக்கலாம். தொடையிடுக்கில் உணர்வு போய்ச் சிறுநீர் கட்டுப்படாமல் போனால் தண்டுவட நரம்புகள் நெருக்கப்படுகின்றன என்று பொருள். இவற்றில் எதற்கும் இணையத்தில் பதில் தேடிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும்.

களப்பணியாளர்

தொழுநோய்த் தடுப்புத் திட்டத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். மருத்துவர் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் நம் நாட்டில் மரத்துப்போதல் என்று வரும் ஒருவருக்கு உடம்பில் உணர்வற்ற தேமல் உண்டா என்று பார்க்காமல் விடக் கூடாது. 2005-ஆம் ஆண்டு இறுதியில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியதாக அறிவித்த பிறகு, அந்த நோயே ஒழிந்துவிட்டது என்ற எண்ணம் இளம் மருத்துவர்களிடமும் பரவிவிட்டது. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். வெளிறிய அல்லது சிவந்த படை, அதன்மேல் சூடோ தொடுதலோ தெரியாமை, வியர்வையின்மை, முழங்கையின் உட்புறத்தில் கயிறாகத் தடித்த நரம்பு ஆகியவை அடையாளங்கள். தோலில் ஒன்றும் இல்லாமல் நரம்பில் மட்டும் வருவதும் உண்டு. ஆனால் அது திட்டுத்திட்டாக, ஒருபுறம் கூடியும் மறுபுறம் குறைந்தும் இருக்கும். அம்மா சொல்வது இருபுறமும் சமமாக இருப்பதால் பெரும்பாலும் இது அதுவாக இருக்காது. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்பதையும் வேறு யாருக்கேனும் பயன்படும் என்று எழுதிவைக்கிறேன்.

எரியும்பாதம்

என் நிலை வேறு. எனக்கு உணர்வு குறைவதைவிட எரிச்சலே முதன்மை. இரவில் போர்வை உரசினாலும் தாங்காது. நரம்புக் கடத்தல் சோதனை எனக்கும் சரியாகவே வந்தது. பெங்களூரில் ஒரு நரம்பியல் நிபுணர் கணுக்காலுக்குச் சற்று மேலே மூன்று மில்லிமீட்டர் அளவுக்குத் தோலைக் கிள்ளியெடுத்து, அதிலுள்ள நரம்பு முனைகளை எண்ணச் செய்து, மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருப்பதைக் கண்டார். வலியையும் வெப்பத்தையும் உணர்த்துவது இந்த மெல்லிய இழைகள்தாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை எனக்கும் சரியாகத்தான் இருந்தது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று தெரிந்தது. எனவே அந்தச் சோதனையையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை தேடியும் கணிசமானோருக்குக் காரணம் கிடைப்பதில்லை என்பதையும் என் மருத்துவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் காரணம் தெரியாதபோது எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

கொள்ளிடக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயாவின் கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்கிறேன். முகத்தில் சோப்பைப் பூசிக் கண்ணை மூடியதும் முன்பக்கமாகச் சாய்ந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வது எனக்குப் பழகிப்போய்விட்டது; தூக்கக் கலக்கம் என்றே நினைத்திருந்தேன். மின்வெட்டு நேரத்தில் சுவரைத் தொடாமல் நடக்க முடியவில்லை. கழுத்து அதிர்வு இல்லை. விரல்கள் பத்தும் ஒரே மாதிரி மரத்திருக்கின்றன. தேமல் எதுவும் இல்லை.

மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் இரத்தம் கொடுத்துவிட்டேன். ஹோமோசிஸ்டீனை இங்கேயே பார்த்தார்கள். மெத்தில்மலோனிக் அமிலத்திற்கு மாதிரியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஹோமோசிஸ்டீன் 38, 15 வரைதான் இருக்கலாமாம். மற்றதும் வரம்பைத் தாண்டியே வந்தது. மருத்துவக் கல்லூரியில் பார்த்த நரம்பியல் மருத்துவர் இசைக்கவையைக் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். எனக்கு அது அதிர்ந்ததே தெரியவில்லை. கணுக்கால், முழங்கால் என்று மேலே வைத்துக்கொண்டே வந்தவர் இடுப்பெலும்பில் வைத்தபோதுதான் உணர்ந்தேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது பயிற்சி மருத்துவர் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். கழுத்துக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தின் பின்புறம் கூரைமுகடு போல இரு கோடுகள் சாய்ந்து சேர்ந்த வெண்மை இருப்பதைக் காட்டினார். இரைப்பையில் சுரந்து, பி12-ஐ உடல் ஏற்றுக்கொள்ள உதவும் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பான்களும் என் இரத்தத்தில் இருக்கின்றன. எனவே உணவு மட்டும் காரணமன்று, நான் அசைவம் சாப்பிட்டிருந்தாலும் இது வந்திருக்கக்கூடும் என்கிறார்கள்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் பி12 ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. ஊசி தொடங்கிய பிறகு குறுகுறுப்பு கூடியிருக்கிறது, இது சரியா? என் தாயாருக்கு நீண்ட நாள்களாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், அவருக்கும் பாத எரிச்சல் உண்டு. சர்க்கரையால் வந்தது என்று விட்டுவிட்டோம். அவருக்கும் பார்க்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற பொதுமருத்துவர்

விடை கிடைத்ததில் மகிழ்ச்சி. தொடக்கத்தில் குறுகுறுப்புக் கூடுவது பலருக்கு நேர்வதுதான். அதற்காக ஊசியை நிறுத்திவிட வேண்டாம். பலவீனமோ சிறுநீர்த் தடையோ புதிதாகத் தோன்றினால் மட்டும் உடனே சென்று காட்டுங்கள். நரம்பு தேறுவது மெதுவாக நடக்கும்; ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை முன்னேற்றம் தொடரலாம். எவ்வளவு காலம் கெட்டிருந்தது என்பதைப் பொறுத்துச் சிறிது மிச்சம் நிற்கவும் கூடும். எதிர்ப்பான்கள் இருப்பதால் உங்களுக்கு இந்தச் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் வேண்டும். இடைவெளி மட்டும் பின்னர் நீளும். நலமாகிவிட்டது என்று சில ஆண்டுகள் கழித்து விட்டுவிடுகிறவர்களே மீண்டும் வருகிறார்கள். ஊசி போடும் காலத்தில் பி12 அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பணத்தைச் செலவிட வேண்டாம். அது உயர்ந்துதான் இருக்கும். ஃபோலிக் அமிலத்தைத் தொடர்வது பற்றியும், பான்டோபிரசோல் இன்னமும் தேவையா என்பது பற்றியும் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை இருட்டில் நடக்கும்போது விளக்கை எடுத்துச் செல்லுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்துங்கள். காலில் புண் இருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

தாயாருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. சர்க்கரையால் வரும் பாத எரிச்சலையும் பி12 குறைவால் வரும் எரிச்சலையும் நோயாளியின் பேச்சை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் வழக்கம். போதாததற்கு, அவர் உங்கள் வீட்டுச் சமையலைத்தான் சாப்பிடுகிறார், உங்களுக்குள்ள எதிர்ப்பான் பிரச்சினை குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுவதும் உண்டு. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை ஏறிவிடும். அடுத்த முறை சர்க்கரைக்கு இரத்தம் எடுக்கும்போது பி12-ஐயும் ஹோமோசிஸ்டீனையும் சேர்த்தே எழுதித் தரச் சொல்லுங்கள்.